பன்றிக்கு அடியில் கிடந்தவன்

இதை எழுதுகிறவன் சவேத்தா கிம்புவை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு பன்றியின் விலாவில் முழங்காலை ஊன்றிக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் இருபது, வருடத்துக்கு ஒருமுறை பன்றி வெட்டும் இக்னாத் நாள். வல்யா ஸேக்கா ஊரில் அன்று வீட்டுக்கு வீடு பன்றியின் அலறலும் வைக்கோல் புகையும்தான்.

அவன் கையில் நகரத்து அருங்காட்சியகத்தின் தோல்பை. அவன் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் அங்கே வேலை வாங்கியிருந்தான். வேலிப்படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவனைச் சவேத்தா ஏற இறங்கப் பார்த்தாள். கத்தியை வாயிலிருந்து எடுத்தாள்.

"யாரு தம்பி நீங்க?"

"மியூசியத்துலேருந்து வர்றேங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். பன்னியப் பாத்தா பாவமா இருக்கா?"

"என்னங்க?"

"பாவமா இருந்தா வேலிக்கு அந்தாண்ட போயிருங்க. பாவப்படுற ஆளு பக்கத்துல நின்னா பன்னி சாகாது. இழுத்துக்கிட்டே கெடக்கும்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்க்கா. எனக்குப் பாவமெல்லாம் இல்ல."

"அப்ப பின்னங்காலப் பிடிங்க. படிச்ச கையின்னு பாக்காதீங்க, உதைச்சா பல்லு போயிரும்."

பையை வேலியில் மாட்டிவிட்டு அவன் பிடித்தான். கத்தி இறங்கியது. ஒரு குத்துதான். ரத்தம் பனியில் கைப்பிடி ஆழத்துக்குத் துளை போட்டுக்கொண்டு இறங்கியது. கால்கள் மெல்ல மெல்லத் தளர்ந்து அவன் கைக்குள் அடங்கின. எழுந்து நின்ற சவேத்தாவின் வலது மணிக்கட்டு கோணலாக இருந்தது. அவள் குத்தியது இடது கையால் என்பதையே அவன் அப்போதுதான் கவனித்தான்.

"படத்தோட விவர அட்டைக்கா வந்தீங்க?" என்றாள்.

"ஆமாக்கா. படம் தலைநகர்லேருந்து போன வாரம்தான் வந்துச்சு. படத்துல இருந்த பன்னிய முழுசா எடுத்துட்டாங்க. போட்டோ கொண்டாந்திருக்கேன்."

சவேத்தா பையைப் பார்த்தாள். தொடவில்லை. "காயம் முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ரத்தம் சொட்டும் கையை உயர்த்தினாள். "வேண்டாம், சொல்லாதீங்க. இத வெட்டி முடிச்சு, கையக் கழுவிட்டு நானே பாக்குறேன். நூத்தி இருவது வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்தா செத்தா போயிருவோம்?"

முன்பக்கமா, பின்பக்கமா. அந்த ஒரு கேள்வியில்தான் அவளுடைய வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது.

*

கிம்பு குடும்பத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: ஓடுகாலி வீடு. சவேத்தாவின் கொள்ளுத்தாத்தா பர்வு, கிராஸ்னாரு பண்ணையில் ஏர் ஓட்டியவன். 1888 குளிர்காலத்தில் ஒருநாள் பங்குத் தானியம் கேட்டுப் பண்ணை வீட்டுக்குப் போனான். திரும்பவில்லை. மறுநாள் காலை பண்ணையாள் ஒருவன் பர்வுவின் மனைவி ஸ்தாங்காவிடம் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து போட்டான். பன்றித்தோலை மடித்து வாரால் கட்டும் செருப்பு. "உம் புருஷன் டான்யூப் ஆத்தத் தாண்டி ஓடிட்டான். செருப்பு விழுந்ததுகூடத் தெரியாம ஓடிருக்கான் பாரு" என்றான். ஸ்தாங்கா அந்தச் செருப்பை வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினாள். வருவான் என்று நினைத்தாளா, வரவே மாட்டான் என்று தெரிந்துதான் மாட்டினாளா, யாருக்கும் தெரியாது. செருப்பு மட்டும் எழுபது வருடம் அங்கேயே தொங்கியது.

பர்வுவின் பேரன் நிஸ்தோர், சவேத்தாவின் அப்பா. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பன்றி வெட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. இக்னாத் நாளில் இருட்டு விலகும்முன் கிளம்பி வீடு வீடாகப் போய்க் குத்துவார். ஒரு குத்து, ஒரு கோப்பை பிளம் சாராயம், அடுத்த வீடு. மத்தியானம் தன் வீட்டுப் பன்றியிடம் வரும்போது அவர் கண் சிவந்திருக்கும். கை மட்டும் நடுங்காது. ஊரில் கிடைக்காத மரியாதையை அவர் அந்த ஒரு நாளில் கத்தி முனையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

சவேத்தாவுக்கு ஒன்பது வயதான வருடம், வீட்டுப் பன்றியை அவளே குட்டியிலிருந்து வளர்த்திருந்தாள். முற்றத்தின் மூலையில் நின்று அழுதாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் அழுதாள். சத்தம் வரவில்லை. அப்பா குத்தினார். பன்றி சாகவில்லை. கத்தியைக் கழுத்தில் சுமந்துகொண்டே எழுந்து, பிடித்திருந்த நாலு பேரையும் உதறித் தள்ளி, ஒருவனுடைய முழங்காலை நொறுக்கிவிட்டு வேலியை உடைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. பனியில் நெடுக ரத்தக்கோடு.

பக்கத்து வீட்டு மித்ரிக்கா வேலியில் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "ஓடுகாலி வீட்டுப் பன்னிகூட ஓடுதுடா! ஒத்தைச் செருப்ப மாட்டி விடுங்கடா அதுக்கும்!"

முற்றமே சிரித்தது. முழங்கால் உடைந்து கிடந்தவன்கூட வலியோடு சிரித்தான்.

நிஸ்தோர் மித்ரிக்காவை அடிக்கவில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் காயாமல் நின்றது. "நீதானா?" என்றார். அடித்தார். கீழே விழுந்தபிறகும் அடித்தார். பன்றியைக் கட்டிய ஈரக் கயிற்றால் அடித்தார். அம்மா மேலே விழுந்து மறைத்தபோது அம்மாவுக்கும் விழுந்தது. அன்று சவேத்தாவின் இடது காது உள்ளே ஏதோ கிழிந்து ரத்தமாக வழிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதில் சத்தம் இல்லை. அடித்து ஓய்ந்த அப்பா வாசல் நிலையிலிருந்த செருப்பைப் பிய்த்து வைக்கோல் நெருப்பில் எறிந்தார். பன்றித்தோல் என்பதால் அதுவும் பன்றி மாதிரியே பொசுங்கி மணத்தது.

சவேத்தா அதன்பிறகு அழுததில்லை. பன்றிக்கும் அழவில்லை. அப்பா செத்தபோதும் அழவில்லை. அவருடைய கத்தியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

*

இருபத்திரண்டு வயதில் நகரத்து அருங்காட்சியகத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். ஐந்து வருடம் கழித்து நிலநடுக்கம் வந்தது. கிடங்கின் அலமாரிகள் சரிந்தன; குழாய் உடைந்து தண்ணீர் ஏறி, ஓவியங்களின் விவர அட்டைகள் எல்லாம் கூழாகிப்போயின. ஆயிரத்து இருநூறு அட்டையைத் திரும்ப எழுத வேண்டும். படித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டார்கள். பூ, பழக்கூடை, ஏரிக்கரை, சீமாட்டிகளின் முகம் எல்லாம் உடனே போய்விட்டன. மிச்சம் விழுந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது வருடத்து ரத்தக்களரிகள். மியூனிக்கிலும் பாரிஸிலும் படித்துவிட்டு வந்தவர்கள் ஆளுயரத்துக்கு வரைந்து தள்ளிய போர்க்களமும் தலைவெட்டும் வேட்டையும். அவற்றை யாரும் சீண்டவில்லை.

"நான் எழுதட்டுமா?" என்றாள் சவேத்தா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு.

எழுதுவதற்கு அங்கே இரண்டு விதி. பெயர்த் தகட்டைத் துணியால் மூடிவிட்டுத்தான் படத்தின் முன் உட்கார வேண்டும். கண் பார்ப்பதை மட்டும் எழுத வேண்டும். கதை கூடாது, பெயர் கடைசியில். மற்றவர்கள் இரண்டையும் காற்றில் பறக்கவிட்டார்கள். தகட்டைப் படித்துவிட்டு "வீரம் செறிந்த காட்சி" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். சவேத்தா மட்டும் துணியைப் போட்டு மூடினாள். அவள் எழுதிய அட்டைகள் இன்னும் இருக்கின்றன.

"எண் 214. குதிரையின் வயிறு கிழிந்து குடல் பனியில் கிடக்கிறது. ஆவி இல்லை. புதுக் குடல் பனியில் ஆவி விடும். ஓவியர் நேரில் பார்க்கவில்லை."

"எண் 231. தட்டில் ஆணின் தலை. ஒரே வெட்டு. ரத்தம் திராட்சை ரச நிறம். கழுத்து ரத்தம் இதைவிட வெளிர்ச் சிவப்பு."

"எண் 240. பெண் தன்னைத் தானே குத்திக்கொள்கிறாள். முகத்தில் வலி இல்லை. மார்பை மிகுந்த கவனத்தோடு வரைந்திருக்கிறார்."

இந்தக் கடைசி அட்டையைப் படித்துவிட்டுக் காவலாளி ஃபிலிப் ஒரு வாரம் சிரித்தான். "சவேத்தாக்கா, உன்ன சொர்க்கத்து வாசல்ல நிறுத்தினா அங்க சாவி வச்சிருக்குற பீட்டரோட மூக்குல மரு இருக்குன்னு எழுதுவ" என்பான்.

"இருந்தா எழுதத்தான் வேணும்."

இப்படியே இருபத்தொன்பது வருடம். கையில் ஒட்டாத ரத்தம் அது. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

*

2006 இலையுதிர்காலத்தில் அந்தப் படம் வந்தது. இரண்டு ஆள் நீளம். கிராஸ்னாரு பண்ணையை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது சுவரிலிருந்து கழற்றியது. பன்றிப் படம் சாப்பாட்டு அறைக்குப் பொருத்தம் என்று மாவட்ட அலுவலகத்தின் உணவுக்கூடத்தில் மாட்டிவிட்டார்கள். ஐம்பத்தேழு வருடமாக அதிகாரிகள் அதன் கீழே உட்கார்ந்து சூப் குடித்தார்கள். இப்போது பண்ணை வாரிசு மத்தேய் கிராஸ்னாரு வழக்குப் போட்டு ஜெயித்திருந்தார். படத்தை டிசம்பர் இருபதாம் தேதி ஒப்படைக்க வேண்டும். அவர் பிரான்சுக்குக் கொண்டுபோவார். சாதாரணப் படம் என்றால் தாராளமாகப் போகலாம். நாட்டின் பொக்கிஷம் என்று பதிவானால் எல்லை தாண்ட முடியாது. எது என்று தீர்மானிப்பது விவர அட்டை.

சவேத்தா வழக்கம்போலத் தகட்டை மூடினாள். சிகரெட் புகையும் சூப் ஆவியும் படிந்த படத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பனி மூடிய முற்றம். நடுவே செத்த பன்றி. சுற்றிலும் ஐந்து ஆண்கள். பின்னால் படிக்கட்டில் மென்மயிர்க் கோட்டுப் போட்ட ஒருவர், கையில் கோப்பை. இடது பக்கம் வைக்கோல் புகை. வலது பக்கம், பன்றிக்கு இரண்டே எட்டில், கறுப்பு முக்காடிட்ட ஒரு பெண்.

அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சவேத்தாவின் செத்த காதில் ஏதோ இரைந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பன்றிக்கு இரண்டு எட்டில் அழுகிற பெண்ணை எந்த ஊரில் நிற்க விடுவார்கள்? அதுவும் பண்ணையாரின் முற்றத்தில்? முடியைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். இது பன்றிச் சாவு இல்லை. இவள் வேறு எதற்கோ அழுகிறாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஐந்து பேரில் ஒருவன்கூட மண்டியிடவில்லை. ஒருவன் முழங்காலிலும் பனி ஒட்டவில்லை. கத்தி எவன் கையிலும் இல்லை. மூன்று பேரிடம் தடி, ஒருவனிடம் கோடரி, ஒருவனிடம் வைக்கோல் வாரும் மூன்று முள் கவைக்கோல். அதன் மூன்று முள்ளிலும் ரத்தம். கவைக்கோலால் யார் பன்றி குத்துவார்? பனியில் ரத்தம் தேங்கியிருந்தது பன்றியின் கழுத்தடியில் அல்ல, வயிற்றுக்கு நேராக. படத்தின் கீழ் ஓரத்தில், சாப்பிட்டவர்கள் எல்லாம் கறித்துண்டு என்று நினைத்த ஒரு சின்னப் பழுப்புப் பொருள். கிட்டே போய்ப் பார்த்தாள். மடித்த தோல். வார். செருப்பு. ஒற்றை.

விளக்கை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் பன்றியின் தோலுக்கு அடியில் இன்னொரு மேடு எழும்பியது. பின்னங்காலுக்குக் கீழே வரிசையாக ஐந்து சின்னப் புடைப்பு. கால் விரல்கள். ஓவியன் வரைந்த மனிதனைப் பின்னால் யாரோ பன்றி வரைந்து மூடியிருந்தார்கள்.

அவள் துணியை விலக்கித் தகட்டைப் படித்தது அதற்குப் பிறகுதான். "இக்னாத் காலை. கிராஸ்னாரு பண்ணை, 1889."

*

இயக்குநர் ஒக்தாவியன் அட்டையைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'இது பன்றி வெட்டும் காட்சி அல்ல. பன்றிக்கு அடியில் ஒரு மனிதன் இருக்கிறான்.' என்னம்மா இது? தாயே, பன்னியப் பன்னின்னு எழுத உனக்கு என்ன கேடு?"

"எக்ஸ்ரே எடுங்க சார்."

"மூணு மாசம் ஆகும். கோர்ட்டு தேதி அடுத்த வாரம்."

"தேதியத் தள்ளச் சொல்லுங்க."

"எத வச்சு? ஒரு பொம்பள அழுவுறான்னா? புகை கண்ணுல பட்டிருக்கும்."

"புகை இடது பக்கம் போவுது சார். அவ வலது பக்கம் நிக்கிறா."

ஒக்தாவியன் அட்டையை நாலாகக் கிழித்துவிட்டு வேறு ஒன்றைத் தானே எழுதினார். "கிராமத்துப் பண்டிகைக் காட்சி. மனநிலை: மகிழ்ச்சி." கீழே விவரித்தவர் கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினார். "போடு. ரெண்டு வருஷத்துல பென்ஷன் உனக்கு. பன்னிக்காக அத விட்டுறாத."

சவேத்தா போடவில்லை. ஒப்படைக்கும் காலையில்கூட அந்த இடம் காலியாகவே இருந்தது.

மத்தேய் கிராஸ்னாரு வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடு வந்தார். அறுபது தாண்டியவர், நல்ல உயரம். கெட்ட மனிதர் மாதிரி தெரியவில்லை. படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. "இதுக்குக் கீழ உக்காத்தி வச்சுத்தான் எங்க பாட்டி எனக்குச் சோறு ஊட்டுவாங்க" என்றார்.

"இதுக்கு அடியில எங்க கொள்ளுத்தாத்தா கெடக்குறார்யா" என்றாள் சவேத்தா.

"யாரு நீங்க?"

"வல்யா ஸேக்கா. கிம்பு வீடு."

மத்தேய் புருவத்தைத் தூக்கினார். பிறகு சிரித்தார். "ஓ, ஒத்தைச் செருப்புக்காரன் வீடா! பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே. ஓடுறப்ப விழுந்த செருப்பக் குனிஞ்சு எடுக்கக்கூட நேரம் இல்லையாம். எங்க பண்ணையில ஏர் ஓட்டுனவன் வீட்டுக்கு இப்ப படமும் பாக்க வந்துருச்சா?"

அந்தச் சிரிப்பில் மித்ரிக்காவும் அன்று சிரித்த முற்றமும் முழுக்க இருந்தன.

அன்று இக்னாத். அப்பாவின் கத்தி அவள் பையில் இருந்தது. வேலை முடிந்து ஊருக்குப் போய்ப் பன்றி வெட்டவா, வேறு எதற்காவதா என்று நீதிமன்றம் பின்னால் கேட்டபோது "ரெண்டுக்கும்தான்" என்றாள்.

கத்தியைப் படுக்கையாகப் பிடித்துப் பன்றியின் பின்னங்காலில் வைத்து இழுத்தாள். வார்னிஷின் மேல் பூசிய வண்ணம் ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியும். மீன் செதிலாகப் பெயர்ந்தது. ஒக்தாவியன் அலறினார். ஃபிலிப் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். "அக்கா, வேணாம்க்கா! வேணாம், சொன்னாக் கேளு!"

மத்தேயின் கைத்தடியின் முதல் அடி அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தத்தை அவளுடைய நல்ல காது கேட்டது. இரண்டாவது அதே இடத்தில். மூன்றாவது, செத்த காதின் மேல். காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கியது.

சவேத்தா திரும்பினாள். கத்தி இடது கைக்கு மாறியிருந்தது. மத்தேயின் தொண்டை ஒரு முழத் தூரத்தில். தாடைக்கு இரண்டு விரல் கீழே, கொஞ்சம் உள்ளே சாய்த்து. ஒரே குத்து. எங்கே என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஓங்கிய தடி அப்படியே காற்றில் நின்றது. ஃபிலிப் பிடியை விட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினான்.

குத்தினால் படம் பிரான்சுக்குப் போய்விடும். பர்வு பன்றிக்கு அடியிலேயே கிடப்பான். கிம்பு வீட்டுக்கு ஓடுகாலியோடு கொலைகாரி என்ற பேரும் சேரும். இதை அவள் யோசித்தாளா என்று கேட்டால், "யோசிக்கவெல்லாம் இல்ல. முடிக்காத வேலை முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு" என்பாள்.

மறுபடி படத்துக்குத் திரும்பினாள். இடது கையால் சுரண்டினாள். அவள் ரத்தம் படத்தில் சொட்டி வரைந்த ரத்தத்தோடு கலந்தது. இரண்டும் ஒரே நிறமாக இருந்தன. இந்த ஓவியன் நேரில் பார்த்திருக்கிறான். குளம்பு பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியிலிருந்து ஒரு மனிதக் கால் வெளியே வந்தது. குதிகால் நீலம் பாரித்து, ஐந்து விரலும் விறைத்து.

கத்தியைத் தரையில் போட்டாள். "எழுதிக்கோங்க சார்" என்றாள் ஒக்தாவியனிடம். "பாதம். இடது. செருப்பு இல்ல."

*

வேலை போயிற்று. பென்ஷனும் போயிற்று. இரண்டு வருடச் சிறை, நடத்தை பார்த்து நிறுத்திவைக்கப்பட்டது. எந்த அருங்காட்சியகத்திலும் அவள் காலடி வைக்கக் கூடாது என்று தீர்ப்பில் ஒரு வரி. மணிக்கட்டு கோணலாகவே கூடியது. படம் மட்டும் பிரான்சுக்குப் போகவில்லை. கால் தெரிந்துவிட்ட படத்தைச் சாதாரணம் என்று எழுத யாருக்கும் துணிவில்லை. தலைநகருக்குப் போய், மூன்று வருடம் பன்றியைத் துளித்துளியாக உரித்தார்கள்.

சவேத்தா ஊருக்குத் திரும்பினாள். ஊர் உடனே வாயை மூடிக்கொள்ளவில்லை. மித்ரிக்காவின் மகன் கீக்கா அதே வேலியில் அதே மாதிரி சாய்ந்துகொண்டு சொன்னான்: "காலு தெரிஞ்சா போதுமா? ஓடுறப்ப முதுகுல வாங்கியிருப்பான். ஓடுனவன் ஓடுனவன்தான்."

பார்க்காததைச் சவேத்தா சொல்ல மாட்டாள்.

அதனால்தான் அருங்காட்சியகத்துப் பட்டதாரி வந்த அந்த இக்னாத் நாளில், பன்றியைப் பொசுக்கி, பிளந்து, ஈரலைச் சட்டியில் போட்டுவிட்டுச் சவேத்தா வெந்நீரில் மூன்று தடவை கை கழுவினாள். பட்டதாரி எழுதிய அட்டையை முதலில் வாங்கிப் படித்தாள். "'பாதிக்கப்பட்டவரின் உடல் பரிதாபகரமான நிலையில்.' பரிதாபமா? உங்ககிட்ட எழுதச் சொன்னது காயத்த. தூர வைங்க தம்பி."

புகைப்படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சட்டியில் ஈரல் சீறிக்கொண்டிருந்தது. பிறகு குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்லத் தொடங்கினாள்.

"எழுதுங்க. ஆண். வயசு முப்பது இருக்கலாம். மல்லாந்து கெடக்குறான். நெஞ்சுல மூணு துளை, ஒரே வரிசையில, சம இடைவெளி. கவைக்கோல். முன்னாடியிலேருந்து." ஒரு நொடி நிறுத்தினாள். "முன்னாடியிலேருந்து. எழுதியாச்சா? ரெண்டு முன்கையிலயும் தடியடி, வெளிப்பக்கம். தடுத்திருக்கான். வலது உள்ளங்கை கிழிஞ்சிருக்கு. கவை முள்ளக் கையாலயே பிடிச்சிருக்கான். மூக்கு ஒடஞ்சிருக்கு. நெத்தியில கோடரி, ஆழமில்ல, மழுங்கின கோடரி. கண்ணு ரெண்டும் தெறந்திருக்கு. பார்வை படிக்கட்டுப் பக்கம்."

"முதுகு?" என்றான் அவன்.

"முதுகு தெரியல. தெரியாதத எழுதாதீங்க." புகைப்படத்தைக் கீழே வைத்தாள். "இப்ப மொத்தத்தையும் படிங்க. சத்தமா. வேலிக்கு அந்தாண்ட ஒருத்தன் நிக்கிறான், அவனுக்குக் கேக்கணும்."

அவன் எழுந்து நின்று படித்தான். கல்லூரி மேடையில்கூட அப்படி நிமிர்ந்து படித்ததில்லை. நெஞ்சில் மூன்று துளை என்ற இடத்தில் கீக்கா வேலியிலிருந்து சாய்வை எடுத்தான். உள்ளங்கை என்ற இடத்தில் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். முடிந்ததும் பனியைக் காலால் நோண்டிக்கொண்டு நின்றான்.

"நின்னுருக்கான்" என்றான் கடைசியில்.

"ம்."

"உங்க வீட்டுக் கை நல்ல கைதான், சவேத்தாக்கா. ஈரல் வெந்துருச்சா?"

"உள்ள வாடா, சோளக்களி ஆறுது" என்றாள் அவள்.

அந்தப் படம் இப்போது நகரத்து அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்தில் தொங்குகிறது. தகட்டில் பர்வு கிம்புவின் பெயர் இருக்கிறது. விவரித்தவர் என்ற இடத்தில் சவேத்தாவின் பெயர். அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. வல்யா ஸேக்காவில் அப்பாவின் வீட்டிலேயே இருக்கிறாள். இக்னாத் நாளில் வீடு வீடாகப் போய் இடது கையால் பன்றி வெட்டுகிறாள்; மற்ற நாளில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அருங்காட்சியகத்துக்குள் போக அவளுக்கு இன்னும் அனுமதி இல்லை. புகைப்படம் வாசல் நிலையில், செருப்பு தொங்கிய ஆணியின் இடத்தில் இருக்கிறது.